எதிர்க் கடையில் விசாரித்த மூன்று நகரங்கள்

ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, எதிரே உள்ள கடைக்குப் போக வேண்டும். மாத்தளையின் கல்யாணத் தரகர் நல்லையா முப்பத்தைந்து வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறார்.

"வீட்டுக்குப் போனா வடை குடுப்பாங்க. வடையத் தின்னுட்டு அந்த வீட்டு மேல குத்தம் சொல்ல எவனுக்கு வாய் வரும்? எதிர்க் கடையில நம்ம காசுல பிளேன்டீ குடிக்கணும். அப்பதான் காது ஒழுங்கா வேலை செய்யும்" என்பது அவர் கட்சி.

சொன்னபடியே செய்தவர். உக்குவெலையில் ஒரு மாப்பிள்ளைக்காக, அவன் வீட்டு ஒழுங்கையைச் சுற்றியிருந்த மூன்று சலூன்களிலும் ஒரே நாளில் சவரம் செய்துகொண்டார். மூன்றாவது சலூன்காரர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல வழிக்க ஒன்னும் மிச்சமில்ல" என்றாராம். "பரவால்ல, நுரையை மட்டும் போடுங்க" என்று நல்லையா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தச் சலூனில்தான் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தம்புள்ளையில் ஒரு குடும்பம் இருப்பது வெளிவந்தது.

எங்கே போனாலும் எதற்காக வந்தேன் என்று கடையில் சொல்லமாட்டார். வெயிலோ மழையோ கையில் ஒரு குடை, சொப்பிங் பேக்கில் சுற்றிய, குறிப்பு எழுதும் தடித்த சீ.ஆர். கொப்பி. பேச்சோடு பேச்சாகக் கேள்விகள் விழும். அந்த வீட்டில் காலையில் முதலில் எழும்புவது யார்? சத்தம் தெருவுக்குக் கேட்குமா? குப்பையோடு என்ன போத்தல் வெளியே வரும்? நாய் இருந்தால் அது யாரைப் பார்த்துக் குரைக்கும்? வீட்டு ஆட்களையே பார்த்துக் குரைக்கும் நாய் என்றால் கொப்பியில் சிவப்புப் பேனா ஏறும்.

இப்போதெல்லாம் கொப்பி திறப்பதே அபூர்வம். பிள்ளைகள் போனில் மாப்பிள்ளை பார்த்து, போனிலேயே சண்டை பிடித்து, போனிலேயே பிரிந்தும் விடுகிறார்கள். கடைசியாக நல்லையாவை ஒருவர் விசாரிக்க அனுப்பிப் பதினான்கு மாதமாகிவிட்டது. பகலெல்லாம் திருகோணமலை வீதியில் ஸக்கரியாவின் வாசனைச் சரக்குக் கடையில் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். மரண அறிவித்தலில் தான் கட்டிவைத்த ஜோடிகளின் பெயர் வந்தால், "இது கடைசி வரைக்கும் நின்ன கேஸ்" என்று ஸக்கரியாவிடம் காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கடை வாசலில் சரோஜாதேவி வந்து நின்றாள். நல்லையா பத்திரிகையை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார்.

காரணம் இருந்தது. முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் சரோஜாதேவியை இரத்தோட்டை ராசையாவுக்குக் கட்டிவைத்தவர் அவர்தான். ராசையா நல்ல மனிதர். லொறி ஓட்டுவார், வாயே திறக்கமாட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. குறை குழாயில் இருந்தது. "வீட்டுல குழாய்த் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?" என்று சரோஜாவின் அப்பா கேட்டுவரச் சொன்னார். நல்லையா எதிர்க் கடையில் கேட்டார். கடைக்காரர், "குழாய் இருக்கு" என்றார். கல்யாணமாகிப் போன அன்று சரோஜா குழாயைத் திறந்தாள். அது ஒரு தரம் இருமியது. பிறகு ஒரு பல்லி வந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் வரப் பதினொரு வருடம் எடுத்தது. அதுவரை இறக்கத்தில் இறங்கி, இடுப்பில் குடத்தோடு ஏறிவந்தவள் அவள். அலுவிகாரைக்குக் குடிவந்து, வீட்டுக்குள் மூன்று குழாயில் தண்ணீர் கொட்டிய பிறகும் அவள் அதை மறக்கவில்லை. கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோ நல்லையாவைக் கண்டால் ஒரே கேள்விதான்.

"குழாய் இருக்கான்னு கேட்டீங்க. தண்ணி வருதான்னு கேட்டீங்களா அண்ணே?"

சரோஜாதேவி பத்திரிகையின் மேல் விளிம்பை ஒரு விரலால் கீழே அழுத்தினாள்.

"படிச்சது போதும். தலைகீழாப் புடிச்சிருக்கீங்க. உங்களால ஒரு விசாரணை ஆகணும்."

நல்லையாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நந்தினிக்கா? மாப்பிள்ளை எந்தப் பக்கம்?"

"மாப்பிள்ளை இல்ல. ஊரு. மூனு ஊரு."

அவள் மகள் சிவநந்தினிக்கு இருபத்தொன்பது வயது. அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு கம்பனிக்குச் சமையலறை வரைபவள். அடுப்பு எங்கே, அலமாரி எங்கே, எந்த இழுப்பறை எந்தப் பக்கம் திறக்கும் என்று அலுவிகாரையில் அறைக்குள் இருந்தபடி கணினியில் வரைந்து அனுப்புவாள். அவள் வரைந்த சமையலறைகள் நூற்றுக்கு மேல் அங்கே புகைந்துகொண்டிருக்கின்றன. சொந்த வீட்டில் அவளுக்கு உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாது.

சிக்கல் கரண்டில் வந்தது. போன மாதம் மட்டும் நான்கு தடவை கூட்டத்துக்கு நடுவில் கரண்ட் போய், கரண்டோடு இணையமும் போய், நந்தினி திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். அந்தப் படத்தை மெல்பர்னில் ஒருவன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையாகவே ஆக்கிவிட்டான். கம்பனி ஒரு வழி சொன்னது. தூரத்திலிருந்து வேலை செய்பவர்கள் ஆறு மாதத்துக்கு லிஸ்பன், திபிலிசி, பினாங்கு ஆகிய மூன்று நகரங்களில் ஒன்றுக்குப் போய் இருக்கலாம். விசா, அறை எல்லாம் கம்பனி பொறுப்பு. ஒவ்வொரு நகரத்திலும் பார்த்துவைத்த அறையின் முகவரியும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முன் ஊரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் இடம் வேறொருவருக்கு.

"வேற ஆளுக்குக் குடுத்துட்டா, இனி கூட்டத்துல உறைஞ்சு நிக்கிற வேலைகூட இல்லையாம்" என்றாள் சரோஜாதேவி. "புள்ள அழுவுறா. எனக்கு அனுப்ப மனசில்ல. அழுகையப் பாக்கவும் மனசில்ல. அதனால சொல்லிட்டேன், நல்லையா அண்ணே விசாரிச்சு நல்ல எடம்னு சொன்னா போ, இல்லன்னா இல்லன்னு."

நல்லையா தொண்டையைச் செருமினார். "எம் மேல அவ்வளவு நம்பிக்கையா தங்கச்சி?"

"நம்பிக்கையா? நீங்க எனக்கு ஒரு குழாய் பாக்கி. அதான் வந்தேன்."

மூட்டைக்குப் பின்னால் ஸக்கரியா சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார். மிளகின் மேல் பழி போட்டார்.

அன்று பின்னேரமே நல்லையா அலுவிகாரைக்குப் போனார். நந்தினி கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து காட்டினாள். ஊர் ஊராக மேலே, இணைய வேகம், பாதுகாப்பு, வாடகை, காலநிலை, கோப்பிக் கடை என்று பக்கவாட்டில். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி.

"இதெல்லாம் யாரு போட்ட புள்ளி?"

"இணையத்துல பட்டியல் இருக்கு மாமா. 'தூரத்திலிருந்து வேலை செய்யச் சிறந்த நகரங்கள்'னு. நான் ஏழு பட்டியல் எடுத்துச் சராசரி பாத்தேன்."

"ஏழுலயும் ஒரே ஊருதான் முதலா?"

நந்தினி அட்டவணையை மேலும் கீழும் உருட்டினாள். "இல்ல. ஒன்னுல முதலா வர்றது இன்னொன்னுல பதினேழாவது."

"பத்துப் பொருத்தத்துல ஒன்பது பொருந்தினவங்க நீதிமன்ற வாசல்ல நிக்கிறத நான் பாத்திருக்கேன். இது என்னா, 'இரவு வாழ்க்கை ஒன்பது'?"

அடுப்படியிலிருந்து சரோஜாதேவியின் தலை நீண்டது. "இரவுல என்னா வாழ்க்கை? படுக்கிறதுதானே? அதுக்குப் பத்து போடு, மத்ததெல்லாம் அழி."

"பட்டியல் எழுதினவங்க எதிர்க் கடையில கேட்டாங்களாம்மா?" என்றார் நல்லையா.

"எதிர்க் கடையா?"

"அந்த அறைக்கு எதிர்ல ஒரு கடை இருக்கும்ல. அதைக் காட்டு."

நந்தினி சிரித்தாள். ஆனால் கை முகவரியைத் தட்டியது. வரைபடத்தில் தெருப்படம் என்று ஒன்று உண்டு. அதில் லிஸ்பனின் ஒரு செங்குத்துத் தெரு திரைக்கு வந்தது. மஞ்சள் சுவர், நாலாம் மாடி ஜன்னல், பூந்தொட்டி. "பார்த்தீங்களா மாமா, எவ்வளவு அழகு" என்றாள். நல்லையா அழகைப் பார்க்கவில்லை. "திருப்பு, திருப்பு, பின்னுக்குத் திருப்பு" என்றார். எதிரே வெங்காயக் கூடைகளோடு ஒரு சின்னக் கடை. பலகையில் போன் இலக்கம். நல்லையா அதைச் சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பேனா ஓடியது.

செவ்வாய்க்கிழமை லிஸ்பன். கடைக்காரர் வங்காளதேசத்துக்காரர். இங்கிலீஷில் பேச வேண்டியிருந்ததால் நந்தினியே பேசினாள். நல்லையா பக்கத்திலிருந்து கேள்வியை எடுத்துக்கொடுத்தார். அறைக்கு வாடகைக்கு வர நினைக்கிறேன் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அந்த மனிதர் மனம்விட்டுப் பேசினார்.

"அந்த ஜன்னலா? வர்றவங்க எல்லாரும் அதைப் படம் புடிப்பாங்க தங்கச்சி. யாரும் திறக்க மாட்டாங்க. திறந்தா மூட முடியாது. குளிர்காலத்துல வெளியவிட உள்ளதான் குளிர். சுவர் வியர்க்கும். இந்த வருசம் அஞ்சு பேர் வந்தாங்க, அஞ்சு பேரும் என்கிட்ட இஞ்சி வாங்கிட்டு இருமிக்கிட்டே போயிட்டாங்க. எனக்கு இஞ்சி யாவாரம் நல்லம். வாங்க, வாங்க."

நல்லையா கொப்பியில் எழுதினார்: 'லிஸ்பன். முகம் அழகு. உள்ளே சளி.' சிவப்புப் பேனா.

புதன்கிழமை திபிலிசி. எதிரே ஒரு ரொட்டிக் கடை. பலகையில் இருந்த எழுத்து ஜிலேபி பிழிந்தமாதிரி இருந்தது. அங்கே பேச ஆளுக்கு ஸக்கரியா வழி செய்தார். அவர் மகள் றிஸ்லா அந்த ஊரில்தான் மருத்துவம் படிக்கிறாள்.

"வாப்பா சென்னாங்கன்னு போனேன் மாமா" என்று றிஸ்லா போனில் மூச்சிரைத்தாள். "ரொட்டி வாங்காம அந்தப் பொம்பள வாயத் தொறக்கல்ல. மூணு ரொட்டி வாங்கினேன். வீட்டுக்காரர் நல்ல மனிசனாம். வாசல்ல ஒரு நாய் ஈக்குது, குடியிருக்கிறவங்கள பஸ் ஹோல்ட் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுட்டு வருமாம்."

நல்லையா நிமிர்ந்தார். இப்படி ஒரு நாயை அவர் முப்பத்தைந்து வருடத்தில் கேள்விப்பட்டதில்லை. "பெறகு?"

"பெறகுதான் ஈக்குது. மேல் மாடிக்காரர் வீடு திருத்துறாராம். ரெண்டு வருசமா காலையில எட்டுக்கு மெஷினால சுவத்துல ஓட்டை போடுறாராம். இன்னும் ஓட்டை போட என்ன சுவர் மிச்சம் ஈக்குதுன்னு ரொட்டிக்கார பொம்பளைக்கே தெரியாதாம்."

தினமும் கூட்டத்தில் பேச வேண்டியவளுக்கு அது ஆகாது. நல்லையா நாய்க்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டுத் திபிலிசியை மனசில்லாமல் சிவப்புக் கோடு போட்டு அடித்தார்.

மிச்சம் பினாங்கு. எதிரே இருந்தது தமிழர் ஒருவரின் மளிகைக் கடை. நல்லையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நந்தினி வேலையில் இருந்தாள். ஆனால் என்ன, இது தமிழ்ப் பேச்சு, தானே பேசிவிடலாம். அன்றைக்கே ஸக்கரியாவின் கடையில் இருந்தபடி இலக்கத்தைத் தட்டினார்.

"வணக்கம், யாருங்க பேசறது?" என்றார் மளிகைக்காரர்.

இந்த இடத்தில்தான் முப்பத்தைந்து வருட அனுபவம் காலை வாரிவிட்டது. சலூனில், தேநீர்க் கடையில் யாரும் அவரை யார் என்று கேட்டதே இல்லை. முகத்தை நீட்டினால் சவரம், காசை நீட்டினால் பிளேன்டீ. யார் என்று கேட்கப்படுவது, விசாரணை முடிந்து சம்பந்தம் பேசப் போகும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் மட்டும்தான். அங்கே சொல்ல அவருக்கு ஒரே பதில்தான் பழக்கம். நாக்கு அதையே சொன்னது.

"நான் பொண்ணு வீட்டுப் பக்கத்துல இருந்து பேசுறேங்க."

சொன்னதை அவர் கவனிக்கவும் இல்லை. கேள்விகளுக்குத் தாவிவிட்டார். எதிர் வீட்டில் காலையில் முதலில் எழும்புவது யார்? ஜெகதா அம்மா, அஞ்சு மணிக்குக் கோலம். சத்தம்? சாமிப்பாட்டு மட்டும்தான். போத்தல்? ஐயோ, நெய்ப் போத்தலைத் தவிர வேறே கிடையாது. "தங்கமான குடும்பம்லா. வீடு அரண்மனைதான். பையன் ஒரு எறும்ப மிதிக்க மாட்டான்" என்றார் மளிகைக்காரர்.

பையனைப் பற்றி நல்லையா கேட்கவில்லை. ஆனாலும், கேட்காததையும் சொல்கிறாரே, என்ன நல்ல மனிதர் என்று எழுதிக்கொண்டார். 'பினாங்கு. எல்லாம் நலம்.' பச்சைப் பேனா. அன்று பின்னேரமே சரோஜாதேவியிடம் போய்ச் சொன்னார். அவள், "தண்ணி?" என்றாள். "அரண்மனைன்னு சொல்றாங்க தங்கச்சி, தண்ணி இல்லாமலா?" என்றார். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் தலையாட்டினாள். நந்தினி பெட்டியைக் கீழே இறக்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸக்கரியாவின் கடையில் கூட்டம். சாதிக்காய் கொண்டுவந்த ஆட்கள் நாலைந்து பேர். நல்லையாவின் போனில் பினாங்கிலிருந்து வட்ஸ்அப் வந்து விழுந்தது. முதலில் ஒரு படம். பத்திக் சட்டை போட்டு, காரில் கையை ஊன்றி, சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியபடி ஓர் இளைஞன். அடுத்தது ஒரு சாதகக் கட்டம். மூன்றாவது குரல் செய்தி. நல்லையா தட்டினார். கடை முழுக்கக் கேட்டது.

"சம்பந்தி, வணக்கம்! நான் ஜெகதா. எதிர்க் கடைக்காரர் விசயத்தச் சொன்னாரு. எங்க மகேஸ்வரனுக்கு இந்த வைகாசியோட முப்பத்தி ரெண்டு. மேல் ரூமுக்கு நேத்தே பெயிண்ட் அடிக்க ஆள் விட்டுட்டேன். பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேணாம்லா, வீட்டோட ராணி மாதிரி இருக்கலாம்!"

சாதிக்காய்க்காரர்கள் கைதட்டினார்கள். நல்லையா போனைக் கவிழ்த்துவைத்தார். முதல் நாள் தான் சொன்ன வாக்கியம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஸக்கரியா. "பதினாலு மாசமா சம்பந்தம் இல்ல சம்பந்தம் இல்லன்னு கவலப்பட்டீங்க. கடல் தாண்டி வந்தீக்குது. சும்மா வாய மூடிட்டு ஈங்க. புள்ள போகட்டும். பக்கத்துல ஈந்தா பாத்துப் பழகி, புடிச்சா கலியாணம். புடிக்காட்டி வாடகை."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நல்லையா யோசித்தும் பார்த்தார். கடையிலிருந்து முத்துமாரி அம்மன் கோயில் வரை நடந்தார், திரும்பி வந்தார். தேரடியில் நின்று படத்தை இன்னொருமுறை பார்த்தார். பையன் பரவாயில்லை. ஆனால் கொப்பியைத் திறந்தபோது பச்சைப் பேனா கண்ணைக் குத்தியது. எதிர்க் கடைக்காரன் உண்மை சொல்வது விஷயம் தெரியாதவரைக்கும்தான். கல்யாணம் என்று தெரிந்துவிட்டால் எவனும் பிறத்தியான் வீட்டுக் கூரையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லமாட்டான், அது பாவம். ஆக அந்த அரண்மனை, கோலம், நெய்ப் போத்தல் எல்லாம் கல்யாண வீட்டு வார்த்தை. விசாரணையே நடக்கவில்லை. சரோஜாவுக்கு மறுபடியும் குழாய் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொன்னால் அவள் மகளை விடமாட்டாள். மகளுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மாத்தளையில் அவர் சொல்லுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வீடுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குடையோடு அலுவிகாரைக்குப் போய், வாசலிலேயே நின்று, நடந்ததைச் சொல்லி, படத்தையும் காட்டினார்.

"மாமா!" என்று நந்தினி கத்தினாள். "வேலைக்குப் போக வேணாமாம்! நான் அங்க போறதே வேலைக்குத்தானே! நான் கிச்சன் வரையப் போறேன், கிச்சன்ல நிக்கப் போகல்ல!"

சரோஜாதேவி போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அம்மா!"

"இருக்குன்னுதானே சொன்னேன்." அவள் நல்லையா பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த வீட்டப் பத்தி உங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"தெரியாது தங்கச்சி."

"அப்ப போன தடவையும் இப்படி வந்து, தெரியாதுன்னு சொல்லியிருந்தா எங்கப்பாவே போய்க் குழாயத் திறந்து பாத்திருப்பாரு."

நல்லையா குடையைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கினார். "இப்பத் திறந்து பாப்போம்" என்றார். வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். எதிர்க் கடையை விட்டுவிட்டு நேரே வீட்டையே கூப்பிட்டார். அதுவும் வீடியோவில்.

திரையில் ஜெகதா அம்மா பட்டுச் சேலையில் வந்தார். பின்னால் பத்திக் சட்டை, சோபாவில் சிலை மாதிரி.

"அம்மா, மொதல்ல மன்னிச்சுக்குங்க" என்றார் நல்லையா. "தப்பு என்னோட நாக்குல. பொண்ணு கல்யாணத்துக்கு வரல்ல. ஆறு மாசம் வாடகைக்கு வருது. கம்பனி உங்ககிட்ட அறை கேட்டிருக்குமே, அதே பொண்ணுதான்."

ஜெகதா அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டார். பிறகு திரும்பாமலே குரல் கொடுத்தார். "மகேசு, சட்டையக் கழட்டுப்பா. கல்யாணம் இல்லையாம்."

சோபா துள்ளியது. "அப்பாடா!" என்ற சத்தம் மாத்தளை வரை கேட்டது.

"என்னாடா அப்பாடா?"

"ஈப்போ டவுன்ல ஒரு பொண்ணு இருக்குன்னு மூனு மாசமா சொல்ல வர்றேம்மா. நீ பெயிண்ட் வாளியத் தூக்கிக்கிட்டே நிக்கிற!"

நந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகதா அம்மா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று வைத்து, போனுக்குத் திரும்பினார். பட்டுச் சேலைக் குரல் போய், வீட்டுக் குரல் வந்தது.

"வாடகைன்னா மொதல்லயே சொல்லலாம்லா! சம்பந்தின்னா நான் உண்மையச் சொல்ல முடியுமா? வாடகைக்கு வர்றவங்ககிட்டப் பொய் சொல்லி என்னா பிரயோசனம், மறு வாரமே பையத் தூக்கிருவாங்க. கேளுங்க, என்னா வேணும்?"

"மேல் ரூமுல இன்டர்நெட் இருக்கான்னு கேக்கல்லம்மா. வருதா?"

"நாலு மணி மழைக்கு விட்டு விட்டுத்தான் வரும். பெட்டி மகேசு ரூமுல கிடக்கு. அவன் பந்தாட்டம் பாக்க உக்காந்தா மேல ஒன்னுமே ஏறாது. ஆனா மேலுக்குத் தனி லைன் ஒன்னு கிடக்கு. முந்தி இருந்த பொண்ணு இழுத்தது. சொன்னா ரெண்டு நாள்ல உயிர் குடுத்துருவாங்க. ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஒழுகும், கட்டிலத் தள்ளிப் போட்டுருக்கேன். ஞாயித்துக்கிழம பக்கத்து வீட்டுத் தாத்தா கரோக்கே பாடுவாரு. அத என்னாலயும் ஒன்னும் பண்ண முடியாது, அவருக்குக் குரலே இல்ல."

நல்லையா வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். சரோஜாதேவி அவர் கையிலிருந்து போனை எடுத்தாள்.

"அக்கா, நான் புள்ளையோட அம்மா. அந்த மேல் ரூமு குழாய ஒருக்காத் திறந்து காட்டுறீங்களா?"

ஜெகதா அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். படம் ஆடியது, படிகள், புதுப் பெயிண்ட், ஒரு வாளி. பிறகு குழாய். திறந்தார். தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

"போதுமா?"

"மூடாதீங்கக்கா" என்றாள் சரோஜாதேவி. "கொஞ்சம் ஓடட்டும்."

ஓடியது. சரோஜாதேவி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். நந்தினி ஏதோ சொல்லப் போனாள். நல்லையா வேண்டாம் என்று கையசைத்தார்.

சட்டென்று படம் நின்றது. தண்ணீர் பாதி வழியில் உறைந்தது. வீட்டு மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது.

"அங்க நின்னுச்சா, இங்க நின்னுச்சா?" என்றாள் சரோஜாதேவி.

நந்தினி சுவரில் இருந்த ரவுட்டரைப் பார்த்தாள். ஒரு விளக்கும் இல்லை. "இங்கதாம்மா. கரண்ட் போச்சு."

"அப்ப அனுப்பு."

"என்னது?"

"பினாங்குன்னு எழுதி அனுப்புடி. இங்கதானே நிக்குது, அங்க ஓடுதுல்ல."

போன் டேட்டாவில் அது போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. நல்லையா கொப்பியில் பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நீலப் பேனாவால் எழுதினார்: 'பினாங்கு. ஜன்னல் ஒழுகும். தாத்தா பாடுவார். தண்ணி வருது, கண்ணால் பார்த்தேன்.'

இப்போது நந்தினி அங்கே போய் இரண்டு மாதமாகிறது. மேல் மாடிக்கு லைன் உயிர் பெற்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவின் பாட்டைப் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்புகிறாள். சரோஜாதேவி அதைச் சத்தமாகப் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கேட்கவைக்கிறாள்.

அவளால் நல்லையாவுக்கு வேலையும் கூடிவிட்டது. போன வாரம் அவள் ஸக்கரியாவின் கடைக்கு ஓர் அம்மாவை அழைத்து வந்தாள். அந்த அம்மாவின் மகனும் கணினி வேலைக்காரன், தாய்லாந்துக்கா வியட்நாமுக்கா போவது என்று தடுமாறுகிறானாம். "இவர்ட்ட கேளுங்க" என்றாள் சரோஜாதேவி. "தண்ணி ஓடுறதக் கண்ணால கண்டுட்டுத்தான் பேசுவாரு." முப்பத்துமூன்று வருடத்தில் அவள் அவரைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நல்லையா பத்திரிகையை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார். இந்தமுறை நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் படிக்கவில்லை.

அதற்குள் போன் அடித்தது. ஜெகதா அம்மா.

"தரகரய்யா, இப்ப நான் மாப்பிள்ள வீட்டுப் பக்கத்துல இருந்து பேசறேன். அந்த ஈப்போ பொண்ணு வீட்டப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். மகேசு நல்ல குடும்பம்னு சொல்றான். அவன் சொல்ல நம்ப முடியுமா?"

நல்லையா சொப்பிங் பேக்கை அவிழ்த்துக் கொப்பியை எடுத்தார்.

"விசாரிச்சுருவோம்மா. நீங்க யாருக்கும் மூச்சு விட்டுராதீங்க, முக்கியமா கடைக்காரருக்கு. அந்த வீட்டுக்கு எதிர்ல சலூன் ஏதும் இருக்கா? மகேசு தம்பிய ஒருக்கா சவரத்துக்கு அனுப்புங்க."